அழுக்குப் பட்டாளம்

இருபத்துநான்கு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன். ஒருநாள்கூட அழுததில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, அச்சன்புதூரில் எங்கள் மாட்டுத் தொழுவத்தில், ஒரு கோழிக்கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று சொல்லத்தான் போகிறேன். நடுவில் யாராவது சிரித்தால் அத்தோடு நிறுத்திவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

என் பெயர் சங்கிலிப்பாண்டி. ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைத் தூக்கியதைவிட பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தூக்கியதுதான் அதிகம். முகாமின் சுகாதாரம் என் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து கலப்பது, சமையற்கூடத்தைச் சோதிப்பது, கக்கூஸ் குழிக்குச் சுண்ணாம்பு போடுவது எல்லாம் நான்தான். சாம்பார் அண்டாப் பக்கம் ஓர் ஈ பறந்தால் அன்றைக்குச் சமையற்காரன் பாடு திண்டாட்டம்தான். எழுநூறு பேர் இருந்த முகாமில் மூன்று வருஷம் ஒருவனுக்கும் வயிற்றுப்போக்கு வராமல் பார்த்துக்கொண்டேன் என்று எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் உண்டு. அது எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

அப்படிப்பட்டவன் நாட்டுக்கோழிப் பண்ணை வைத்தால் எப்படி வைப்பான்? தென்னந்தோப்பு ஓரத்தில் கொட்டகை போட்டேன். தரைக்கு சிமென்ட், சுவருக்கு மாதம் ஒரு வெள்ளை. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. காலை நனைக்காமல் என் மனைவி முத்துவடிவுகூட உள்ளே வர முடியாது. குஞ்சு பொரிக்கும் மெஷினை தினமும் மூன்று தடவை துடைத்தேன். முட்டைகளைத் துடைத்தேன். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்து ஏசுதாசன் அண்ணாச்சியின் கோழிகள் எருக்குழியைக் கிண்டிவிட்டு அந்தக் காலோடு என் கொட்டகைப் பக்கம் வரும். எனக்கு உச்சந்தலைக்கு ஏறும். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்தேன். கோழிக்குக் கோடு தெரியுமா? தெரியாது. தாண்டிய கோழியின் மேல் கல்லெறிந்தேன். அதிலிருந்து நாலு மாதமாக அண்ணாச்சி என்னோடு பேசவில்லை.

முதல் ஈடு, இட்லிக்குச் சொல்கிறோமே அதே ஈடுதான், நூற்றிருபது குஞ்சு. பஞ்சு உருண்டை போல் ஓடித் திரிந்தன. ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாகச் சிறகைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றன. பின்பக்கமெல்லாம் வெள்ளைக் கழிச்சல். பத்து நாளில் முப்பது மிஞ்சியது. சுத்தம் போதவில்லை என்று முடிவுகட்டினேன். இரண்டாம் ஈட்டுக்கு பினாயிலை இரட்டிப்பாக்கினேன். தீவனக் கடைக்காரன் சொன்னான் என்று முதல் நாளிலிருந்தே ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். ஒரு வாரம் ஒரு குறையும் இல்லை. பொடியை நிறுத்தினேன். நிறுத்திய நாலாம் நாள் கொத்துக் கொத்தாக விழுந்தன. இந்த முறை பதினொன்றுதான் மிஞ்சியது.

தினமும் காலையில் எழுந்ததும் மண்வெட்டியோடு போய்த் தென்னைக்கு அடியில் குழி தோண்டுவேன். சாப்பாடு இறங்காது. யார் பேசினாலும் எரிந்து விழுவேன். ஒருநாள் சோற்றுத் தட்டைக் கழுவியது சரியில்லை என்று முத்துவடிவிடம் கத்தினேன். அவள் தட்டை என் முன்னாலேயே வைத்துவிட்டு நின்றாள்.

"இருவத்திநாலு வருசம் நீங்க இல்லாமதான் இந்த வீட்ட நடத்தினேன்" என்றாள். "வந்தா சேந்து இருப்பியன்னு பாத்தேன். நீங்க இங்கன இருந்தும் பட்டாளத்துலதான் இருக்கிய. என் தம்பி ஓசூர்ல செக்யூரிட்டி வேல இருக்குன்னு எத்தன நாளாச் சொல்லுதான். இந்த மூணாவது ஈடும் செத்துச்சின்னா கொட்டகைய இழுத்துச் சாத்திட்டு அங்க போயிருங்க. எரிஞ்சு விழுதவரு அங்கனயே இருந்துட்டுப் போகலாம்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, போறேன்" என்றேன். சொன்னது சொன்னதுதான். பட்டாளத்துக்காரன் வார்த்தை.

அவள் தம்பி தில்லைநாயகம் மறுநாளே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டான். ஒரு பேங்க் வாசலில் காவல். அடுத்த மாதம் கழிந்து ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். நீலச் சட்டைத் துணியைக்கூட கூரியரில் அனுப்பிவிட்டான். தென்காசியில் டெய்லரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடியும் லீவுக்கு வருகிற ஆளாகப் போகிறேன். ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. காலையில் அவள் போடுகிற காபியைச் சூடாகக் குடிக்கவே அப்போதுதான் பழகியிருந்தேன். ஆனால் வாயைக் கொடுத்தாயிற்று.

மூன்றாவது ஈட்டுக்கு முட்டை ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை. மெஷினில் இரண்டு டிராயர். மேல் டிராயரில் தொண்ணூறு முட்டை வைத்தேன், பத்து நாள் கழித்துக் கீழ் டிராயரில் தொண்ணூறு. மேல் டிராயர் பொரிக்கிற அன்றைக்கு பல்ப் வாங்க நான் தென்காசிக்குப் போகவேண்டி வந்தது. திரும்பி வந்தபோது முத்துவடிவு குஞ்சுகளை எடுத்துக் கொட்டகையில் விட்டிருந்தாள்.

"எத்தன?"

"அம்பத்தெட்டு."

"தொண்ணூறுக்கு அம்பத்தெட்டா? முட்டக்காரன் பழைய முட்டையத் தள்ளிவிட்டுட்டான்" என்று அந்த முட்டைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் வந்தது. சிறகுகள் தொங்கின. ஏழாம் நாள் காலையில் நாற்பதுதான் இருந்தன. செத்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மண்வெட்டியைத் தேடி வெளியே வந்தேன். அப்போது தொழுவத்துப் பக்கம் முத்துவடிவு காக்கையை விரட்டுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். காக்கை கொத்திப் போட்ட ஒரு குஞ்சு அவள் காலடியில் கிடந்தது. அவளுக்குப் பின்னால் ஏசுதாசன் அண்ணாச்சியின் செவலைக் கோழி, நான் கல்லெறிந்தேனே அதே கோழி, சிறகை விரித்துச் சீறிக்கொண்டு நின்றது. சிறகுக்கு அடியிலிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. என் குஞ்சுகளின் அதே வயசு, அதே நிறம்.

"இது யாரு குஞ்சு?"

அவள் குனிந்து செத்த குஞ்சைக் கையில் எடுத்தாள்.

"முத்துவடிவு, ஒன்னத்தான் கேக்குதேன்."

"நம்ம குஞ்சுதான்" என்றாள். "எழுவத்தெட்டு பொரிச்சிச்சி. இருவத எடுத்து இதுக்கடியில வச்சேன். அண்ணாச்சி வீட்டம்மா கோழியக் குடுத்தாவ. அந்தா அந்தக் கூடையில ரெண்டு கூமுட்ட மேல அடையில கெடந்துச்சி, தன் குஞ்சுன்னு ஏத்துக்கிட்டு."

நான் கத்திய கத்தலில் கட்டியிருந்த மாடு மிரண்டது. எருக்குழிக் கோழிக்கு அடியிலா, சாணியிலா, ஈயும் பேனும் இருக்கிற இடத்திலா, கிருமி என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு, அந்தக் கோழி மிதித்தே பாதி செத்திருக்குமே என்று என்னென்னவோ கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பத்தொன்பது. காக்கை கொன்றதையும் சேர்த்தால் இருபது. கழிச்சலில் ஒன்றுகூடச் சாகவில்லை. பின்பக்கமெல்லாம் துடைத்து வைத்தது போல் காய்ந்து கிடந்தது. தாய்க்கோழி சாணியைக் கிண்டிவிட, அவை விழுந்தடித்துக் கொத்தித் தின்றன. ஒன்று என் காலில் இருந்த மருந்துத் தண்ணீரைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு ஓடியது.

சட்டையின் ஒரு பையில் என் கொட்டகையில் செத்த குஞ்சு, இன்னொரு பையில் காக்கை கொத்திய குஞ்சு. பைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தென்காசிக்குப் போனேன். கால்நடை மருத்துவர் ஜெஸி சின்ன வயசுப் பெண், சுரண்டை ஊர். முதல் இரண்டு ஈட்டுக்கும் நான் அவரிடம் போகவில்லை. எனக்குத் தெரியாத சுகாதாரமா என்கிற திமிர்தான், வேறென்ன.

"டாக்டரம்மா, ரெண்டும் ஏழு நாள் குஞ்சு. ஒரே மெஷின்ல பொரிச்சது. இது ஆஸ்பத்திரி மாதிரி வளந்து கழிஞ்சு செத்திச்சி. இது சாணியில வளந்து நல்லா இருந்திச்சி, காக்கா கொத்திட்டு. ஏன்னு எனக்குத் தெரியணும்."

அவர் இரண்டையும் வாங்கித் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அறுத்தார். குடல் முடிகிற இடத்தில் கோழிக்கு இரண்டு பைகள் உண்டாம், குருட்டுக்குடல். என் குஞ்சுக்கு அது நூல் போல் மெலிந்து, உள்ளே வெறும் தண்ணீராக இருந்தது. தொழுவத்துக் குஞ்சுக்குத் தடித்து, பழுப்புக் களி நிறைந்திருந்தது. பிறகு இரண்டின் குடலிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, கழுவி, கண்ணாடித் தட்டில் தண்ணீருக்குள் போட்டு, லென்ஸுக்கு அடியில் தள்ளினார்.

"பாருங்க அண்ணாச்சி."

குனிந்து பார்த்தேன். தொழுவத்துக் குஞ்சின் குடல் உள்பக்கம் புதுத் துவாலை மாதிரி பொசுபொசுவென்று, பூப்பூவாக எழும்பி நின்றது. என் குஞ்சுடையது பத்து வருஷம் துவைத்த துவாலை மாதிரி மழுங்கிக் கிடந்தது.

"தீனியில உள்ள சத்த உறிஞ்சுற எடம் இதுதான்" என்றார் டாக்டர். "நோயும் இதக் கெடுக்கும், ஆனா ஒங்க குஞ்சுக்கு இது சரியா வளரவே இல்ல. முட்டையில இருந்து வரும்போது குஞ்சு வயிறு ஏறக்குறைய காலி. தாய்க்கோழி எச்சத்துல கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்கு. குஞ்சு அதக் கொத்தித் தின்னும். அது போய் உக்காந்து, தின்னதப் புளிக்க வச்சு, ஒரு மாதிரி அமிலத்த விடும். அதுதான் குடலுக்குச் சாப்பாடு. ஆள் குடிவந்துட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் குடல் வீட்டப் பெருசாக் கட்டும். ஒங்க கொட்டகையில குடிவர யாரு இருக்கா?"

"கெட்டதும் இல்லையே டாக்டரம்மா. அப்புறம் எப்படிக் கழிச்சல் வந்திச்சி?"

"கெட்டது வர ஒரு எலி போதும். முட்டை ஓட்டுல ஒட்டிக்கிட்டே வரலாம். தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்காங்கல்ல? நல்லது முதல்ல ஏறி எல்லா சீட்லயும் துண்டு போட்டுட்டா, கெட்டது வந்தாலும் உக்கார எடமில்லாம எறங்கிப் போயிரும். நீங்க பஸ்ஸக் கழுவிக் காலியா விட்டிய. முதல்ல வந்தவன் நீட்டிப் படுத்துட்டான். ஆன்டிபயாட்டிக் குடுத்தியளா?"

குடுத்தேன் என்றேன், தலையைக் குனிந்துகொண்டே.

"யாரு எழுதிக் குடுத்தா?"

தீவனக் கடைக்காரன் என்றேன். அவர் என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். என் மேஜர்கூட அப்படித் திட்டியதில்லை. வாங்கிக்கொண்டு நின்றேன். திட்டி முடித்ததும் கத்திரியின் முனையால் வாலுக்கு அடியில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். தொழுவத்துக் குஞ்சுக்கு அங்கே பச்சைப் பட்டாணி அளவில் ஒரு பை. என் குஞ்சுக்கு அதே பை ஓர் உளுந்து அளவுதான் இருந்தது.

"இது என்ன தெரியுமா? நோய எதிர்த்துச் சண்ட போடுற செல்லுல ஒரு வகை உண்டு. அதுக்கு ட்ரெயினிங் நடக்குற எடம் இந்தப் பை. குஞ்சு பொரிச்சதும் பின்பக்க வாசல் வழியா வெளிய உள்ளத உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பைக்குள்ள இழுக்கும். வாயால குடிக்கிறது பத்தாதுன்னு பின்னாலயும் குடிக்குது. ஊர்ல என்னென்ன கிருமி இருக்குன்னு செல்லுங்களுக்குக் காட்டுறதுக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை. பட்டாளத்தில் எத்தனை பயிற்சி முகாம் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஏக்கர், இரும்பு வேலி, மணல் மூட்டை, டம்மி டார்கெட், தொண்டை கிழியக் கத்திப் பயிற்சி கொடுக்கிற உஸ்தாத். இங்கே ஒரு கோழிக்குஞ்சு, உள்ளங்கையில் எடையே தெரியாத ஒரு ஜீவன், வாலுக்கு அடியில் பட்டாணிக்குள் ஒரு முகாமை நடத்துகிறது. உஸ்தாத் யார்? நான் இருபத்துநான்கு வருஷம் துரத்தித் துரத்திக் கொன்ற அழுக்கு.

"அப்ப எங்க குஞ்சுங்க..."

"புதுசா ரெக்ரூட் வந்தான். கேம்ப்ல டார்கெட்டே இல்ல. சும்மா படுத்துத் தூங்கினான். திடீர்னு நெஜச் சண்ட வந்திட்டு."

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. என் கையால் குழி தோண்டிப் புதைத்த அத்தனையும் கண் முன்னால் வந்தன.

கீழ் டிராயரில் தொண்ணூறு முட்டை இருக்கிறது, மூன்று நாளில் பொரிக்கும் என்றேன். ஓசூர் விஷயத்தையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. நல்ல ஆரோக்கியமான பெரிய கோழி மூன்றின் எச்சம் வேண்டும் என்றார் டாக்டர். சாதாரண எச்சம் இல்லை. கோழி பத்துத் தடவை எச்சமிட்டால் ஒரு தடவை காபிப்பொடி நிறத்தில், களியாக, நாற்றம் பிடித்ததாக ஒன்று வரும். அதுதான் குருட்டுக்குடலிலிருந்து வருவது. அதில் கெட்ட கிருமி இல்லை என்று முதலில் சோதிக்க வேண்டும்.

"எல்லா அழுக்கும் நல்லதில்ல அண்ணாச்சி. நோய்க்கோழி எச்சத்தக் குடுத்தா நாமளே கொன்ன மாதிரி. நான் டெஸ்ட் பண்ணிச் சொல்லாமக் குடுக்காதிய. கையில உறை போடணும், முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவணும்."

சோப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

மூன்று கோழிக்கு நான் எங்கே போவேன்? ஏசுதாசன் அண்ணாச்சியிடம்தான் போக வேண்டும். அவருக்கு சீசன் நேரத்தில் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடை. பகல் முழுக்க அங்கேதான் இருப்பார். போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம் ரம்புட்டானுக்கு விலை பேசிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பார்க்காதது போல் மங்குஸ்தானை அடுக்கினார்.

"அண்ணாச்சி."

"கிலோவா, அரைக் கிலோவா?"

"பழம் வேண்டாம். ஒங்க கோழியோட பீ கொஞ்சம் வேணும்."

கடை முன்னால் நின்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கையிலிருந்த பழத்தை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டாள். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எங்க கடையில முப்பது வருசமா எல்லாரும் எல்லாம் கேட்டிருக்காவ" என்றார். "இத யாரும் கேட்டதில்ல. எந்தக் கோழி? கல்லால எறிஞ்சீரே, அந்தக் கோழியா?"

"அந்தக் கோழிதான். எங்க வீட்லதான் நிக்கி."

"அது எனக்குத் தெரியாதா? ஒமக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரி எங்கிட்ட சத்தியம் வாங்கினாளே."

நான் முழுக் கதையையும் சொன்னேன், நின்ற எட்டுப் பேரும் கேட்க. துண்டு போட்டு இடம் பிடிப்பதைச் சொன்னேன், பட்டாணிப் பையைச் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டே கேட்ட அண்ணாச்சிக்குச் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஆண்டவரு வேல எங்கெங்க வச்சிருக்காரு பாரும்" என்றார். பிறகு, "நாளைக்குக் காலையில வாரும். வேணுங்கிற கோழியப் புடிச்சுக்கிடும். அந்தச் சுண்ணாம்புக் கோட்ட மட்டும் அழிச்சிட்டு வாரும்" என்றார்.

அழித்தேன். மண்வெட்டியால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கொத்திப் போட்டேன். மூன்று கோழிகளின் எச்சமும் டாக்டரிடம் போயிற்று. கொட்டகையில் மிஞ்சிய மேல் டிராயர்க் குஞ்சுகளை டாக்டர் சொன்னபடி வேறு இடத்தில் தனியாக ஒதுக்கினேன். நான்காம் நாள் காலையில் கீழ் டிராயர் பொரித்து முடிந்தது, எண்பத்தோரு குஞ்சு. ஈரம் காய்ந்து அவை கத்தத் தொடங்கியபோது போன் வந்தது. ரெண்டு கோழி சுத்தம் அண்ணாச்சி, மூணாவது வேண்டாம் என்றார் ஜெஸி. சுத்தமான இரண்டில் ஒன்று செவலை.

டாக்டர் சொன்ன அளவில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, இங்க் ஃபில்லரில் எடுத்தேன். முத்துவடிவு ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து அலகைத் திறந்தாள். முதல் சொட்டு விட என் கை வரவில்லை. ஈ மொய்த்த சாம்பாரைக் கவிழ்த்துக் கொட்டிய கை அது. பாராட்டுக் கடிதம் வாங்கிய கை.

"விடுங்க" என்றாள் முத்துவடிவு. "இதுக்குத்தான தாயி இருக்கா. அவளுக்குப் பதிலா நீங்க."

விட்டேன். குஞ்சு விழுங்கிவிட்டு அலகைச் சப்புக்கொட்டியது. எண்பத்தொன்றுக்கும் விட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மிச்சத்தைத் தீவனத்தில் தெளித்தேன். செவலை படுத்திருந்த இடத்திலிருந்து உமியையும் சருகையும் டாக்டர் சொல்லித்தான் அள்ளி வந்து என் சிமென்ட் தரையில் பரப்பினேன். வாசலில் இருந்த மருந்துத் தொட்டி அப்படியே இருக்கட்டும், அது வெளியே உள்ள நோய்க்கு என்றார் டாக்டர். பினாயிலைக் குஞ்சு வளரும் தரைக்குக் கொண்டுவந்தால் என்னைக் கொன்றுவிடுவதாகவும் சொன்னார்.

அதன் பிறகு எனக்கு வேலை என்ன, உட்கார்ந்து பார்ப்பதுதான். கண்ணுக்குத் தெரியாத பட்டாளம் ஒன்று அத்தனை சின்ன வயிறுகளுக்குள் இறங்கி, இடம் பிடித்து, சுவர் கட்டி, முகாம் திறந்துகொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க ஆச்சரியம் தாளவில்லை. சம்பளம் கிடையாது, ரேஷன் கிடையாது, ஆணை இடுகிறவன் கிடையாது. குஞ்சு தின்பதில் தானும் தின்றுகொண்டு, குஞ்சை ஆளாக்குகிறது. சல்யூட் அடிக்கலாம் போல் இருந்தது. உண்மையில் ஒருமுறை அடித்தேன், யாரும் பார்க்காதபோது.

ஐந்தாம் நாள் விடிகாலையில் கொட்டகைக்குள் போகவே பயமாக இருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஆறாம் நாள் ஒன்று மட்டும் உடம்பைக் குறுக்கி மூலையில் நின்றது. சரி, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அன்று நான் சாப்பிடவில்லை, ஆனால் யார்மேலும் எரிந்தும் விழவில்லை. தில்லைநாயகம் போன் பண்ணினான்.

"அத்தான், ஒண்ணாந்தேதிக்கு மூணு நாள்தான் இருக்கு. பஸ்ஸுக்குப் புக் பண்ணிரட்டுமா? யூனிபார்ம் ரெடியா?"

"ரெண்டு நாள் பொறுடே" என்றேன். யூனிபார்ம் ரெடியா என்று நான் முத்துவடிவைக் கேட்டேன். அவள்தான் தென்காசிக்குப் போகும்போதெல்லாம் விசாரித்து வருகிறவள்.

"டெய்லரு எங்க தந்தான்? பொத்தான் மெஷின் ரிப்பேராம். சீசனுக்குக் கடையப் பூட்டிட்டுக் குத்தாலத்துல குளிச்சிக்கிட்டுக் கெடக்கான்" என்றாள்.

டெய்லரையும் திட்டினேன். ஒரு மாதமாக ஒரு சட்டை தைக்கிறான்.

ஏழாம் நாள் காலையில் அந்த மூலைக் குஞ்சு என் மோதிரக் கல்லைத் தானியம் என்று நினைத்துக் கொத்தியது. விரல் வலித்தது. அத்தனை வலுவாகக் கொத்தியது. எட்டாம் நாள் எண்ணினேன், எழுபத்தொன்பது. பிறக்கும்போதே நோஞ்சானாக இருந்த ஒன்றும், தண்ணீர்த் தட்டில் விழுந்த ஒன்றும்தான் போயின. கழிச்சலில் ஒன்றும் போகவில்லை. ஜெஸி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி பயப்படவேண்டாம் என்றார். தில்லைநாயகத்துக்குப் போன் போட்டு, நான் வரவில்லை என்றேன். ஏன் அத்தான் என்றான். கோழிக்கு நான் தேவைப்படுகிறேன் என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

செவலையை அண்ணாச்சி வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் குஞ்சுகளும் பெரிதாகிவிட்டன. மறுநாள் காலை தொழுவத்துக்குப் போய் கூடைக்குள் கையை விட்டுக் கோழியைத் தூக்கினேன். அது முதலில் அடைகிடந்த கூடை, இப்போதும் படுப்பது அதில்தான். கோழி எழுந்த இடத்தில் வைக்கோலுக்கு அடியில் ஒரு துணி தெரிந்தது. இழுத்தேன். நீலத் துணி. முழுக்க எச்சமும் சிறகும் உடைந்த முட்டை ஓடும் ஒட்டி, அட்டை போல் விறைத்துப் போயிருந்தது. விரித்துப் பார்த்தேன். தைத்து முடித்து, பொத்தான் எல்லாம் வைத்து, பையின் மேல் செக்யூரிட்டி என்று நூலால் எழுதிய புத்தம் புதுச் சட்டை. என் அளவு.

முட்டை ஓடு ஒட்டியிருக்கிறது என்றால் கோழி அடைகிடக்கும்போதே அதை அங்கே வைத்திருக்கிறாள். ஒரு குஞ்சும் பொரிக்காதபோது. எது பிழைக்கும் எது சாகும் என்று யாருக்கும் தெரியாதபோது. போயிருங்க என்று சொன்ன வாயோடு, சட்டை வந்த அன்றைக்கே கொண்டுபோய்க் கோழிக்கு அடியில் போட்டிருக்கிறாள். அங்கேதான் குத்தவைத்து உட்கார்ந்து அழுதேன். செவலை என் தொடையில் ஏறி நின்று எச்சமிட்டது. இடட்டும் என்று விட்டுவிட்டேன்.

சட்டையை மடித்து, இருந்த இடத்திலேயே வைக்கோலுக்கு அடியில் வைத்தேன். கோழியை அதன்மேல் மெதுவாக இறக்கினேன். அண்ணாச்சிக்கு நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம். கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனேன். முத்துவடிவு காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"டெய்லரு சட்டையத் தந்திட்டானா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"அவன் எங்க தருவான்" என்றாள். "சூடு ஆறதுக்குள்ள குடிங்க."